அனுபவம்: கட்டத்தில் குறியிடவும்

நாசி லெமாக் பொட்டலத் தாள்கள்
இன்னும் மேசையில் கிடக்க
ஏழு பேருக்கும் ஆளுக்கொரு படிவம்.
கோல குபு பாருவில் ரப்பர் படகுச் சவாரி,
சனிக்கிழமை, தலைக்கு நூற்றெண்பது வெள்ளி,
மதியச் சாப்பாடு உட்பட.

பெயர், அடையாள அட்டை எண், ரத்தப் பிரிவு
வரைக்கும் கை ஓடியது.
பிறகு மூன்று கட்டங்கள்.
புதியவர். ஓரளவு பழகியவர். தேர்ந்தவர்.

முகுந்தன் பேனாவைச் சுழற்றி
தேர்ந்தவருக்கு நேரே ஒரு சரி போட்டான்.
எங்கே படகு விட்டாய் என்றதற்கு
லங்காவியில் என்றான்.
அது வாழைப்பழப் படகு.
அவன் விழுந்த காணொளியை
அலுவலகமே பார்த்திருக்கிறது.
சியூ லிங் நடுக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.
சம்பள உயர்வுக் கூட்டத்திலும்
அவள் உட்காரும் இடம் அதுதான்.

தண்ணீரோடு எனக்கு என்ன பழக்கம்?

இரண்டு ஆறுகள் சேறு கலக்கும் இடத்தை
ஊருக்கே பெயராக வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.
மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறும்போதெல்லாம்
சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே
அந்தச் சேர்க்கையைப் பார்க்கிறேன்,
பெரும்பாலும் கைப்பேசியின் விளிம்புக்கு மேலாக.

ஒரே ஒரு முறை,
அக்டோபர் மாதம், மாலை நாலரை,
நிலவறைக் கார் நிறுத்தத்தில்
என் மைவியின் சக்கரங்கள் தரையை விட்டன.
கார் மிதக்கும்போது ஸ்டீரிங்
எவ்வளவு லேசாகிவிடும் தெரியுமா?
ஒரு விரலால் திருப்பலாம்.
எதுவும் திரும்பாது.
ஜன்னல் வழியே ஏறி வந்தேன்.
செருப்பில் ஒன்று போயிற்று.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

படிவத்தின் அடியில் ஓர் எண். அழைத்தேன்.
அஸ்ரி என்றார், வழிகாட்டி.
பின்னால் யாரோ பம்பில் காற்றடிக்கும் சத்தம்.
நீந்தத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.
கவிழ்ந்தால் முதலில் எதைப் பிடிப்பீர்கள்?
படகை.
படகு போய்விட்டது.
துடுப்பை.
அதுவும் போய்விட்டது.
பக்கத்தில் இருப்பவரை.
சிரித்தார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்,
அப்புறம் ஜோடியாகத் தண்ணீர் குடிக்கிறார்கள்.
மல்லாந்து கிடக்க வேண்டும், காக்,
பாதம் முன்னே, மூக்கு மேலே.
கால் ஊன்ற மட்டும் பார்க்காதீர்கள்.
பாறை இடுக்கு பிடித்தால் விடாது.

ஆற்றுக்கும் கட்டங்கள் உண்டாம்.
ஒன்று, கசங்கிய படுக்கை விரிப்பு.
இரண்டில் பிள்ளைகள் கத்துவார்கள்.
மூன்றில் கத்த மறந்துபோகும்.
நான்கு என்று தொடங்கி நிறுத்தி
அணை எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்தது என்றார்.
அதே ஆறு, அதே பாறை,
வெள்ளிக்கிழமை இரண்டு,
சனிக்கிழமை மூன்று.

அப்படிப் பார்த்தால் நானும்
மாத முதல் வாரம் தேர்ந்தவள்,
கணக்கு முடிக்கும் கடைசி நாளில் புதியவள்.

உங்களுக்குக் கீழ்ப்பகுதி போதும், என்றார்.
மேலே வர நினைப்பவர் யாரானாலும்
முதலில் ஒரு முறை
வேண்டுமென்றே விழுந்து காட்ட வேண்டும்.
அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு
புதியவர் கட்டத்தைச் சரி போடாமல்
முழுக்க மையால் நிரப்பினேன்.

நாலு மணிக்குத் தேநீர் அறை.
முகுந்தன் வந்து ஒரு குவளையைக் கழுவினான்.
கழுவிய குவளையை மறுபடி கழுவினான்.
படிவமெல்லாம் அனுப்பியாச்சா, யோகேஸ்?
இன்னும் இல்லை.
அழிக்கிற வெள்ளை மை இருக்கா?

இழுப்பறையில் இருந்தது. கொடுத்தேன்.
தன் சரியின் மேல் பூசி
காயும் வரைக்கும் ஊதிக்கொண்டே நின்றான்,
பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல.
வெளியே மழை தொடங்கியிருந்தது.
என் கார் இப்போதெல்லாம் மூன்றாம் மாடியில்.

சனிக்கிழமைக்கு
என்ன செருப்பு போட்டு வரலாம் என்றான்.

வார் வைத்தது, என்றேன்.