தூக்குப்பாலம், அக்டோபர் 1962

கிரீஸ் டின் ஒன்று காணாமற்போய்ப்
பதினோரு நாள்.
மண்டபம் பக்கத்து ஆட்களோடு
நாங்கள் பேசுவதில்லை.
எடுத்தது அவர்கள் என்றோம்.
நாங்கள் என்றார்கள்.
நடுவே இரண்டு இரும்பு இறக்கை,
கீழே சுழித்தோடும் பாம்பன் வாய்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு ரேடியோவில்
கியூபா என்றொரு தீவு.
ரஷ்யக் கப்பல் தாண்டாதபடி
அமெரிக்கா கடலில் கோடு போட்டிருக்கிறதாம்.
“தண்ணியில ஏதுடா கோடு?”
என்றார் கார்மேகம் மேஸ்திரி.
யாரும் சிரிக்கவில்லை.
வடக்கே மலையிலும் சண்டை;
மண்ணெண்ணெய் அதற்குள் பதுங்கிவிட்டது.

மதியம் ஒரு கப்பல் வந்து ஊதியது.
கல்கத்தா போகும் தூத்துக்குடி உப்பு.
சுற்றுக்கம்பியை நெஞ்சில் கொடுத்து நின்றோம்.
எதிரேயும் நின்றார்கள்,
முதலில் தள்ளுபவன்
தோற்றவன் என்பதுபோல.

மறுபடி ஊதியது.
நீரோட்டம் அதைத் தூண்பக்கம் இழுத்தது.
மேல்தட்டில் ஒரு பையன்
பனியனைக் கழற்றி ஆட்டினான்,
கத்தினான்.
காற்று எதையும் கொண்டுவரவில்லை.

அக்கரையிலிருந்து செபமாலை,
பதினோரு நாளில் முதல் வார்த்தை:
“அடேய், ஒண்ணா!”

யார் முதலில் தள்ளியது, தெரியாது.
கால் தன்பாட்டுக்கு நடந்திருந்தது.
இறக்கைகள் ஏறின.
உப்பு கடந்துபோனது.

இரவு ரேடியோவில், ரஷ்யக் கப்பல்கள் சில
கோட்டுக்கு முன்பே நின்றுவிட்டனவாம்.
யார் சொல்லி? என்று கேட்டோம்.
ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியவில்லை.

கிரீஸ் டின் இன்னும் கிடைக்கவில்லை.