சதுர அடிக்கு நாற்பத்தெட்டு

கொக்கிரகுளம் நீரேற்று நிலையச் சுவர்.
நீளம் நூற்றுப்பத்து, உயரம் ஏழு.
சதுர அடிக்கு நாற்பத்தெட்டு என்றார்
கான்ட்ராக்டர் துரைசிங்.
பெயிண்டு அவருடையது, பிரஷ் என்னுடையது,
வெயில் மாநகராட்சியுடையது.

முதல் நாளே தெரிந்துவிட்டது,
வானம்தான் லாபம்.
ரோலரை உருட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள்
இருநூறு அடி நீலம்.
மலை பரவாயில்லை.
வயல் கொஞ்சம் இழுக்கும்.
நாற்று நடுகிறவளின் முகத்துக்கு மட்டும்
ஒன்றரை நாள் ஆயிற்று.
அளந்தால் முக்கால் அடி,
முப்பத்தாறு ரூபாய்.
அடுத்த இரண்டு பெண்களையும்
முதுகு காட்டிக் குனிய வைத்தேன்.

கும்பகோணத்தில் நாலு வருஷம்,
கடன் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
வண்ணார்பேட்டை வங்கியில்
பிரசன்னலட்சுமி மேடத்தின் பேனா
'படிப்பின் பயன்' என்ற கட்டத்துக்கு மேல்
சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.
"டீச்சர்னு போட்டுக்கிடவா?"
போட்டுக்கிட்டார்.
ஏழு வருஷமாக
அந்தக் கட்டத்துக்குத்தான் வட்டி கட்டுகிறேன்.

தம்பி மாசானமுத்து பாலிடெக்னிக்,
கங்கைகொண்டானில் டயர் கம்பெனி வேலை.
கணக்கில் கெட்டி.
இரவு ஷிப்டு முடிந்து வந்து
செல்போனில் கூட்டிக் கழித்துச் சொல்வான்:
"உன் டிகிரி இன்னும் மைனஸ்லதான் நிக்குக்கா."
திட்ட மாட்டான். ஸ்கோர் சொல்வது போலச் சொல்வான்.
போன மாசம் கட்டிலுக்கடியில் இருந்த
கரிக்கோட்டுத் தாள்களை எல்லாம்
இரண்டு பேருமாய்ச் சுமந்துபோய்
டவுண் கடைத் தராசில் வைத்தோம்.
ஒன்பது கிலோ நானூறு.
கையில் கரி ஒட்டுது என்று
கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தார் கடைக்காரர்.

வேலை முடிந்த அன்று
ஓவர்சியர் கொம்பையா டேப்போடு வந்தார்.
கேட்டைக் கழித்தார். வால்வுப் பெட்டியைக் கழித்தார்.
வயலில் நின்ற பதினோரு கொக்குகளிடம் வந்ததும்
ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
"என்னம்மா இது, பெயிண்டயே காணும்?"
"வெள்ளை சார். சுவரை அப்படியே விட்டது."
"அப்பம் இது பிரைமருல்லா. அதுக்கு பில்லு தனி.
ஒண்ணு அர அடி. அஞ்சர அடி கழிவு."
கொக்கிரகுளத்தில்
கொக்குக்குக் காசில்லை.

சொல்லியிருக்கலாம்.
இரண்டாம் வருஷ மழைக்காலம் முழுக்க
நான் கற்றது அது ஒன்றைத்தான் சார்.
சுற்றிலும் பச்சையைக் கொண்டுவந்து
ஓரம் நடுங்காமல் நிறுத்த வேண்டும்.
உள்ளே போகத் துடிக்கிற கையை
உள்ளே விடக் கூடாது.
எத்தனை தாள் பாழாயிற்று,
எத்தனை கொக்கு வாத்தாயிற்று.
கடனில் பெரும்பங்கு
அந்த வெறும் இடத்துக்குப் போனது.

"சரி சார்" என்றேன்.

துரைசிங் போனில் சிரித்தார்.
"ஏம்மா, மேல ஒரு கோட்டு வெள்ளைய இழுத்துவிட்டா
முடிஞ்சு போச்சு. டப்பா அங்கதான கெடக்கு?"
மறுநாள் இழுத்தேன்.
ஒவ்வொன்றாகப் பத்து.
வெள்ளை ஏற ஏற
கொக்குகள் சோப்புக்கட்டி போலாயின.
காசுக்குத் தகுந்த கொக்குகள்.

பதினொன்றாவது வால்வுப் பெட்டியை ஒட்டி
ஒற்றைக் காலில் நின்றது.
சுவரின் சொரசொரப்பே அதற்கு இறகு.
பதினோரு மணி வெயில் சாய்வாக விழுந்து
கழுத்தில் நானிடாத ஒரு நிழல்.
டப்பாவில் பெயிண்டு மிச்சம் இருந்தது.
மூடியை அழுத்தி மூடினேன்.

பில்லில் அரை அடி கழிவு,
இருபத்துநான்கு ரூபாய்.
மாசானமுத்து நோட்டை விரித்துக்கொண்டு கேட்டான்:
"இத எதுலக்கா எழுத, செலவுலயா முதல்லயா?"
"எழுதாத. அந்த இடத்த அப்படியே விடு."
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
'இதர செலவு' என்று எழுதி
அடியில் கோடு போட்டான்.
ஸ்கேல் இல்லாமலே நேராக வந்திருந்தது கோடு.