அடிப்பாரம்

எனக்குத் துடுப்பு இல்லை.
வலக்கை வீங்கி
தோள்வரை இறுக்கமான உறைக்குள் கிடக்கிறது.
நடுவில் உட்கார், அசையாதே என்றார் ஆன்செல்ம்.
பாரமில்லாத தோணி காற்றுக்குத் துள்ளும்,
அடியில் ஓர் எடை வேண்டும் அதற்கு.
ஐம்பத்து மூன்று வயதில்
முதல்முறையாக ஒருவர் என் எடையை மதித்தார்,
அதுவும் பன்னிரண்டு கிலோ போன பிறகு.

பத்தொன்பது படகுகள்.
ப்ராஸ் டோர்,
கடலா ஏரியா என்று இன்னும் முடிவு செய்யாத தண்ணீர்.
நாக்கில் வைத்தால் உப்பு,
ஆனால் யாரோ மறந்துபோய்ப் பாதியில் நிறுத்திய உப்பு.
முன்னால் டெல்ஃபீன்.
கீழே மிதந்துபோகும் ஜெல்லிமீன் ஒவ்வொன்றையும்
முன்னாள் கணவனின் பெயரால் கூப்பிட்டு
வலது, இடது,
வலது, இடது.

கரையில் ஒரு மடக்குமேசை.
எங்கள் படகுக்குக் கிலோமீட்டருக்கு நாற்பது டாலர் என்று
ஹெக்டர் எழுதி வைத்திருக்கிறார்.
ஆணிக்கடை பதினைந்து,
தேவாலயத்துப் பெண்கள் பத்து,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் ஏழு.
மீதி எட்டுக்குப் பெயர் இல்லை.

மருந்துக்கு அல்ல இந்தப் பணம்.
மருந்தை அரசாங்கம் தருகிறது,
ஆனால் ஹாலிஃபாக்ஸில் வைத்துத் தருகிறது.
இந்தத் தீவிலிருந்து நானூறு கிலோமீட்டர்,
திரும்பி வர இன்னொரு நானூறு,
வாந்தி வந்தால் நிறுத்த வேண்டிய நிறுத்தங்கள் தனி.
ஆகவே பெட்ரோல்.
பெட்ரோலும், சில இரவுகளுக்கு
ஜன்னல் திறக்காத ஒரு விடுதி அறையும்.
யாருக்குப் போகிறது என்று ஹெக்டர் சொல்வதில்லை.
பட்டியல் அவர் வண்டியில்,
கையுறைகளுக்கு அடியில்.

எனக்கு வந்த உறை மார்ச்சில் வந்தது.
ஏரி அப்போது கல்லாய்க் கிடந்தது.
அதன்மேல் நரி ஒன்று நடந்துபோன தடம்.
என் கார் மட்டும்
போன ஆகஸ்ட்டின் துடுப்புகளில் ஓடியது.
யார் வலித்தார்கள் என்று தெரியாது.
பனி பெய்யும் சாலையில்
அவர்கள் வியர்வை எரியும் சத்தம்
இரண்டாவது கியரில் கேட்டது.

பன்னிரண்டாம் கிலோமீட்டரில் மேற்கிலிருந்து காற்று.
தண்ணீர் முதலில் கறுத்தது,
பிறகு பல்லைக் காட்டியது.
ஆன்செல்ம் ஒன்றும் பேசவில்லை.
நாற்பது வருடம் சிங்கி இறால் பிடித்தவர்
பேசாவிட்டால் மற்றவர்களும் பேசக் கூடாது.
நான் என் வேலையைச் செய்தேன்:
கனமாக இருந்தேன்.
இடுப்பைத் தாழ்த்தி, மூச்சைத் தாழ்த்தி,
கட்டியைப் பற்றி முதன்முதலில் சொன்ன
அந்த மருத்துவரின் குரலைக்கூட
அடியில் போட்டு வைத்தேன்,
அதுவும் எடைதானே.
தோணி ஆடியது.
கவிழவில்லை.

பதினாறு போக வேண்டியது,
பன்னிரண்டரையில் நிறுத்தச் சொல்லி விசில்.
மழைத்துளி விழுந்த தாளில் ஹெக்டர்
பதினாறு என்று எழுதப் பார்த்தார்.
வேண்டாம், நாங்கள் போனது இவ்வளவுதான் என்றாள் டெல்ஃபீன்.
பொய்ப் பெட்ரோலில் யாரை அனுப்புவாய்?

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது.
துறை கைக்கெட்டும் தூரத்தில்
அவள் திரும்பித் தன் துடுப்பை நீட்டினாள்.
இடக்கையால், மாரோடு அணைத்துப் பிடித்து
மூன்று முறை வலித்தேன்.
மூக்கு ஒரு பக்கம் திரும்பிவிட்டது.
ஆன்செல்ம் ஃப்ரெஞ்சில் திட்டினார்,
அவருடைய ஃப்ரெஞ்சு எனக்குப் புரியும் என்பதை மறந்து.

மூன்று வலிப்பு, ஐந்து மீட்டர் இருக்கும்.
இரவில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்.
இருபது சென்ட்.
அரைக்கால் லிட்டர்.
சாலையில் ஒன்றரை கிலோமீட்டர்.

தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும்
அந்தக் கல்லணைப் பாலம்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
யாரோ ஒருவர் விடியுமுன் அதைக் கடப்பார்,
மடியில் வாளி, ஹீட்டர் முழு வேகத்தில்.
அந்தத் துண்டு மட்டும் கார் கொஞ்சம்
ஒரு பக்கமாக இழுத்தால்
மன்னிக்கட்டும்.