மிச்சக் கிலோமீட்டர்

முதலில் கேட்டது: எத்தனை சீட்டு மேடம்?
ஆறு பேருக்குச் சீட்டே வேண்டாம் என்றேன்,
நாங்கள் நாற்காலியோடு வருகிறவர்கள்.
எதிர்முனையில் டீ உறிஞ்சும் சத்தம்.
பிறகு,
அதனாலென்ன, நம்ம பசங்க ரெண்டு பேர் இருக்காங்க,
தூக்கி வச்சிருவாங்க.

தூக்கி வச்சிருவாங்க.
கல்யாண மண்டபத்தில் கேட்டது, பாங்கியில் கேட்டது,
பத்திர ஆபீஸ் மாடிப்படியில் கேட்டது.
அக்குளுக்குள் நுழையும் முன்பின் தெரியாத கைகள்,
பீடி வாசம், ஒருமுறை சந்தனம்.
நல்லவர்கள்தாம், எல்லாருமே.
இறக்கி வைத்ததும் புடவையைச் சரிசெய்ய
ஒரு நிமிஷம் திரும்பி நிற்கத் தெரியாது,
அவ்வளவுதான்.

பதினோராவது எண் திருச்சியில் எடுத்தது.
மினி பஸ். பின்கதவில் லிஃப்ட், முந்நூறு கிலோ தாங்கும்.
தரையில் கொக்கி, நாற்காலிக்கு நாலு பெல்ட்.
நாளைக்குப் பதினாலாயிரம், இருநூறு கிலோமீட்டர்,
குறைந்தாலும் அதே காசு.
கல்லுக்கட்டி ஜெராக்ஸ் கடையில்
ஆதார் நகல்களுக்கு நடுவே பேசிப் பேசி
ஆயிரத்து ஐந்நூறு குறைத்தேன்,
மீட்டரைக் காரைக்குடியில் தொடங்க வைத்தேன்.
வயிரவன் தன் பங்கை ஐந்து தவணையாகத் தந்தான்.
ஐந்தாவது இன்னும் வரவில்லை.

எங்கே போவது என்பதில்தான் சண்டை.
மெய்யம்மைக்குப் பிள்ளையார்பட்டி,
ஹபீபுக்கு எங்கேயாவது பிரியாணி.
குன்றக்குடி என்று வாய்தவறிச் சொன்ன வயிரவன்
படிகளை நினைத்துத் தானே சிரித்தான்.
கடைசியில் வேட்டங்குடி.
பறவைகள் பாதி தூரம் அவையே வரும்.

ஞாயிறு காலை ஏழரை.
லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது.
யாரும் தொடவில்லை.
செக்காலை ரோடு என் முட்டிக்குக் கீழே போனது.
இருபது வருஷமாகக் காய் வாங்குகிறேன்,
வண்டிக்காரருக்கு உச்சியில் வழுக்கை என்று
அன்றுதான் தெரிந்தது.

தேவகோட்டையில் ஆரோக்கியத்தை ஏற்றும்போது
பாதி உயரத்தில் நின்றுவிட்டது அது.
டிரைவர் சேவுகன் ஸ்பேனரோடு மண்டியிட்டார்.
தெரு கூடியது. இரண்டு வாலிபர்கள்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.
வேணாம்ப்பா, நிக்கட்டும் என்றார் ஆரோக்கியம்
அந்தரத்தில் இருந்தபடி,
இங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியுது.
பன்னிரண்டு நிமிஷம்
தெரு அண்ணாந்து பார்த்தது.

வேட்டங்குடியில் வெயில், கண்மாய் நாற்றம்,
கருவேல மரமெங்கும் எச்சம்.
நத்தைகுத்தி நாரைகள் எங்களைக்
கணக்கில் எடுக்கவே இல்லை.
ஒரு குழந்தைகூட வெறிக்காத அரைமணி நேரம்.
ஹபீப் பிரியாணிப் பொட்டலத்தை மறந்துபோய்
மடியில் வைத்தே இருந்தான்.

திரும்பி வந்து பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது
சேவுகன் மீட்டரைக் காட்டினார்.
தேவகோட்டை போய் விட்டுவரும் ஓட்டமும் சேர்த்து
நூற்று முப்பத்தெட்டுதான் ஆகும்மா.
அறுபத்திரண்டு மிச்சம். காசு திரும்ப வராது.

யாரும் பேசவில்லை.
ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம்,
சான்றிதழுக்கு, மனு கொடுக்க,
மனு என்ன ஆயிற்று என்று கேட்க.
காரணமில்லாமல் போக எங்களுக்கு
ஊர் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

சும்மா ஓட்டுங்க என்றாள் மெய்யம்மை.

கழனிவாசல் போனோம், திரும்பினோம்.
கொப்புடையம்மன் கோயில் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்தோம்.
பெரியாஸ்பத்திரி வந்தது,
பழக்கத்தில் பெல்ட்டைக் கழற்றப்போன என் கையைப் பார்த்து
வயிரவன் சத்தமாகச் சிரித்தான்.
நிற்காமல் கடந்தோம்.
இரண்டாம் சுற்றில் அதற்குக் கையசைத்தோம்.

என் வீடு வந்தது.
விளக்கு எரிந்தது. கொடியில் துணி எடுக்கும் நாத்தனார்
மேலிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தாள்.
நிறுத்தவா அக்கா என்றார் சேவுகன்.

இன்னும் எவ்வளவு மிச்சம்?

இருபத்தொன்பது.