ஏழாம் அலைவரிசை

கிளைபேடா துறைமுகம். பிப்ரவரி.
நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் அறைக்குள்
வைவா.
வேலை முடிந்து ஒரு மணி நேரமாகிவிட்டது.
இறங்கவில்லை.

முதலில் இதயத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.
காகிதத்தில் கோடுகள் ஒழுங்காக ஏறி இறங்கின.
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லை
பதினோரு மாதமாக அவளோடு
சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது.

வாக்கி டாக்கியில் கெஸ்தஸ்:
"இறங்குன்னு சொல்லமாட்டேன்.
எனக்கும் இருந்துச்சு. கன்டெய்னர் தூக்குறப்போ
கை நடுங்காது. பல் துலக்குறப்போ நடுங்கும்.
ரெண்டு வருஷம் மாத்திரை. வாரம் ஒருநாள் டாக்டரம்மாகிட்டப் பேச்சு.
மீன் சந்தைக்குப் பின்னால, மூணாவது மாடி.
லிஃப்ட் ஓடாது."

எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசை அது.
மறந்திருப்பான்.
மறக்காமலும் இருந்திருப்பான்.

வெறும் இரைச்சல்.
பிறகு யாரோ பொத்தானை அழுத்திவிட்ட
டிக்.
கோதுமைக் கிடங்கிலிருந்து இன்னொன்று.
இழுவைப் படகிலிருந்து ஒன்று.
ஒரு வார்த்தை இல்லை.
வைவா எண்ணினாள். ஆறு.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மாடி.
"எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?"
எத்தனை டன் என்றால் உடனே சொல்லியிருப்பாள்.
மூச்சு வாங்குகிறது.
"படி ஏறினது" என்கிறாள்.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக்
காத்திருக்கிறார்.

"படி இல்லை"
என்கிறாள் வைவா.