கைதட்டலின் இலக்கம்

தாண்டவன்வெளியில், போன் திருத்துகிற கடைக்குப் பின்னறை.
ஒரு பழைய லெப்டொப்.
ஸ்பீக்கர் இரண்டு, அதில் ஒன்றுக்கு உறுமல் நோய்.
திரையில் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி கோடு.
மேல் பெட்டியில் இலக்கம் இட்டால்
கோட்டு வழியே இறங்கிப் போய்
கீழ்ப் பெட்டியில் ஒரு வாத்தியம் கண் விழிக்கும்.
பாட்டு எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
உண்மையில் வயர் இழுக்கிறேன்.

ஜெசிந்தா ரீச்சர் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தா.
நாலாம் வகுப்பு நாடகம். நண்டுக்கும் நிலவுக்கும் சண்டை.
"நண்டு வாற நேரம் என்ன போடுவம்?"
நூற்றியிருபத்தெட்டுக் கிடக்கு ரீச்சர், சொல்லுங்க.
அச்சடித்த பட்டியலை விரலால் உழுதுகொண்டு வந்தா.

74, புல்லாங்குழல்.
வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த குழல்.
41, வயலின்.
வந்தது. தடிமன் பிடித்த வயலின்.
காசு கொடாமல் இறக்கின சத்தம்
இப்படித்தான் இருக்கும் என்றேன்.
105, சித்தார்.
கௌபோய் படத்தில் குதிரைக்குப் பின்னால்
ஆரோ தந்தி சுண்டுவது போல இருந்தது.
"நண்டுக்கு இது காணும்" என்றா. வைத்தோம்.

123, கடற்கரை. விரல் நிற்காமல் தாண்டிற்று.
நண்டு நாடகத்தில் கடல் இல்லையா, ரீச்சர்?
"இது வாவி நண்டு."

கடைசியாய்க் கேட்டா: "கைதட்டல் கிடக்கா?"
தாய் தகப்பன் எல்லாரும் போன் பிடித்திருப்பார்கள்.
பிள்ளைகள் கும்பிட்டு நிற்க
மண்டபம் முழுக்க வீடியோ எடுக்கும்,
தட்ட ஒரு கையும் மிச்சமிராது.
போன வருஷம் திரைக் கயிறு உரசினது மட்டும் கேட்டதாம்.
"கள்ளக் கைதட்டல் எண்டாலும் பரவாயில்லை.
பிள்ளைகளுக்கு விளங்காது."

கிடக்கு. 127.
இட்டேன்.

வெடி.

ஒன்றே ஒன்று.
உறுமல் நோய் ஸ்பீக்கரில்கூடச் சுத்தமாய்.

முன்கடையில் திருப்புளி விழுந்தது.
ரீச்சர் கதிரையில் இல்லை.
மேசைக்குக் கீழே, முழங்காலில்,
பட்டியல் நெஞ்சோடு, கசங்காமல்.
எப்போது இறங்கினா என்று நான் காணவில்லை.
அவவும் கண்டிருக்க மாட்டா.
எனக்கு இருபத்தொரு வயது.
இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"பேனை விழுந்திட்டுது" என்றா, கீழே இருந்தபடியே.
பேனை அவவின் கொண்டையில் இருந்தது.
ஓம் ரீச்சர், என்றேன்.

மறுகாதான் பிழை பிடிபட்டது.
தாள் ஒன்றிலிருந்து எண்ணுகிறது,
பெட்டி சைபரிலிருந்து.
தொடக்கத்திலிருந்தே எல்லாம் ஓரிடம் தள்ளி.
குழல் என்று வந்தது பக்கத்து வளவுக் குழல்.
சித்தார் என்று வந்தது பாஞ்சோ.
பட்டியலின் நடுவில் அயலவரெல்லாம் சொந்தக்காரர்,
ஆள் மாறினாலும் முகச்சாடை இருக்கும்.
முடிவில்தான்
தொலைபேசி மணிக்கு வேலிப் பக்கம் ஹெலிகொப்டர்,
கைதட்டலுக்கு வேலிப் பக்கம் அது.
யார் இப்படி அடுக்கினாரோ. எந்த ஊர்க்காரரோ.

இரண்டு பெட்டிக்கும் இடையில்
சின்னதாய் இன்னொன்று வைத்தேன்.
கழித்தல், ஒன்று.
எந்த இலக்கம் வந்தாலும் ஒன்றைக் குறைத்துக் கீழே விடும்.
ரீச்சர் எட்டிப் பார்த்தா.
"ஒண்டு குறைஞ்சாச் சரியாகிடுமா?"
என்னைக் கேட்டாவா தெரியவில்லை.
இதுக்குச் சரியாகும், என்றேன்.

மறுபடி 127.
அவ மேசை விளிம்பைப் பிடித்திருந்தா.
கச்சான் கோது நொறுங்குகிற மாதிரித் தொடங்கி
பெரிய மண்டபம் ஒன்று கைதட்டிற்று,
எங்கோ, எவருக்கோ.
மூன்று தரம் போடச் சொன்னா.
மூன்றாம் தரத்தில் கையை எடுத்தா.

குழல் இப்போது குழல். வயலினுக்குத் தடிமன் இல்லை.
நண்டுக்கு மட்டும் பழைய பிழையே வேணுமாம்,
பிள்ளைகள் அதுக்குத்தான் சிரிப்பார்களாம்.
நண்டின் கோட்டைக் கழற்றி
சின்னப் பெட்டிக்குள் விடாமல்
அதைச் சுற்றி இழுத்தேன்,
பக்கவாட்டில்.