நேர்மையான தேய்மானம்

ஏலத்துக்கு வரும் கடிகாரங்களுக்குக்
குறிப்பெழுதுவது என் வேலை,
ஜெனீவாவில், ஏரிக்கு முதுகு காட்டிய அறையில்,
பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை
ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு.

மார்லீஸ் இம்போடன் அதை
மளிகைக்கடைப் பையில் கொண்டுவந்தார்.
ரொட்டி வாங்கிய ரசீதும் உள்ளே கிடந்தது.
எஃகு உடல். மூன்று சிறு வட்டங்கள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
கறுப்பாய்ப் பிறந்த முகப்பு
கருப்பட்டி நிறத்துக்கு மாறியிருந்தது.

"கெட்டுப்போயிடுச்சு, இல்லையா?" என்றார்.
நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

எப்படிச் சொல்வது அவரிடம்,
கெட்டதற்குத்தான் விலை என்று.
பூசிய கறுப்பில் ஏதோ கலவைப் பிசகு;
வெயில் தின்ற சில முகப்புகள் மட்டும் பழுத்தன.
பிசகாத கறுப்புக்கு ஒரு விலை,
பிசகியதற்கு எட்டு மடங்கு.

குப்புற விழுந்து எழுந்த தொழில் இது.
மணிக்கட்டில் கட்டுவது பெண்கள் சமாசாரம் என்று
சட்டைப்பையைத் தட்டிச் சிரித்தார்கள் ஆண்கள்.
போர் வந்தது.
ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வரைபடம்,
பையைத் துழாவ மூன்றாம் கை இல்லை.
சிரித்தவர்கள் கட்டிக்கொண்டார்கள்.
பதுங்குகுழி இருட்டில் மணி தெரிய ரேடியம் தடவினார்கள்;
தூரிகையை உதட்டில் கூராக்கிய பெண்களுக்குத்
தாடை உதிர்ந்தது.
அந்தப் பச்சை ஒளி செத்து
இன்று பால்கோவா நிறம். அதற்கும் விலை உண்டு.

பிறகு ஜப்பானிலிருந்து வந்தது
மாதத்துக்கு ஐந்து நொடிகூடத் தப்பாத படிகம்.
ஜூரா மலையோரம்
விற்காத தங்கக் கூடுகளை உருக்கி
எடைக்குப் போட்டார்கள்.
காலம் பொன் என்பார்கள்.
அந்த வருடங்களில் பொன் மட்டும்தான் பொன்.

இன்று மணி பார்க்க எல்லோரிடமும் கைப்பேசி.
இதை வாங்குகிறவர்கள்
காதருகே வைத்துக் கேட்கிறார்கள்,
கண்ணை மூடிக்கொண்டு,
விலை சொல்வதற்கு முன்.

"எங்கே பட்டது இவ்வளவு வெயில்?"

"சிம்ப்ளோன் கணவாய். அப்பா லாரி ஓட்டினார்.
பிரிக்கிலிருந்து டோமொடொசோலா.
இடது கை எப்போதும் ஜன்னலுக்கு வெளியே."

என் பேனா துள்ளியது.
ஒரே உரிமையாளர், மலைப்பாதை, சுருட்டிய சட்டைக்கை.
சேகரிப்பவர்கள் இதற்கு உயிரை விடுவார்கள்.

"நான்கு மணிப் பக்கம் இந்தப் பள்ளம்?"

பையை நான்காக மடித்தார். பிரித்தார்.
"அது சமையலறைக் கதவு.
அம்மா விலகிக்கொண்டாள்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
நாளைக்கு நான்கு நொடி வேகம்,
அறுபது வருடத்துக்கு நல்ல உடம்பு.

"அதை அழிக்க முடியுமா?"
"முடியும். மெருகு போட்டால் போய்விடும்.
விலையும் பாதி போய்விடும்."

யோசித்தார்.
"அம்மா விஸ்ப்பில் ஒரு விடுதியில் இருக்கிறாள்.
மாதம் ஆறாயிரம் பிராங்க்.
இருக்கட்டும், அப்படியே."

எழுதினேன்:
நான்கு மணியில் சிறு பள்ளம்.
மெருகு தீண்டாதது. நேர்மையான தேய்மானம்.
எங்கள் தொழிலில் வழக்கமான சொல்தான்.
இருபது வருடமாய் எழுதுகிறேன்.
அன்று மட்டும் இரண்டாவது சொல்லில்
மை திட்டாய் இறங்கியது.

நவம்பர் மாலை, லாட் எண் நூற்றுப் பதினான்கு.
சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு தொலைபேசி,
முன்வரிசையில் மிலான் பல் மருத்துவர் ஒருவர்.
ஐம்பதில் தொடங்கி
இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில்
சுத்தியல் விழுந்தது. கைதட்டினார்கள்.

மருத்துவர் அங்கேயே கட்டிக்கொண்டார்.
கட்டைவிரல் பள்ளத்தைக் கண்டுபிடித்துத்
தடவிக்கொண்டே இருந்தது.
"இதற்கு ஒரு கதை இருக்கும், அல்லவா?"
"லாரி" என்றேன். "மலைப்பாதை."
அவர் முழங்கையை மடித்து,
இல்லாத ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார்.

யார் விற்றது என்று கேட்டார்.
கடைசி வரிசையைக் காட்டினேன்.
கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார் மார்லீஸ்.
நன்றி சொல்லும் பாவனையில்
மருத்துவர் இடது கையை உயர்த்தினார், வேகமாக.
முப்பது அடி தூரம் இருக்கும்.

அவர் தலையை ஒரு பக்கமாக
விலக்கிக்கொண்டார்.